வாட்டம்

இஸ்தபலாப்பாவில் எங்கள் தெருக் குழாயில்
தண்ணீர் வந்து ஒன்பது நாள்.
என் கட்டிலின் மேல் மட்டும்
மழைக்காலம் தொடங்கியதிலிருந்து
தண்ணீர் நின்றபாடில்லை.

தலைமாட்டில் நீல வாளி,
கால்மாட்டில் சோளம் வேகவைக்கும் அண்டா.
நடுவே கோணிப் படுத்து எண்ணுவேன்:
வாளிக்கு ஒன்று விழுந்தால்
அண்டாவுக்கு இரண்டு.

விடிந்ததும் ஏணி வைத்து ஏறினேன்.
மொட்டைமாடியில் குளம்.
பக்கத்து மாடி நாய் சுவர் தாண்டி வந்து
நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.
முழங்கை வரை கைவிட்டு
வடிகுழாயின் தொண்டையிலிருந்து பிடுங்கினேன்:
ஒரு குழந்தைக் காலுறை, பிளம் கொட்டைகள்,
எரிமலை துப்பி இறுகிப்போன சாம்பல் களி.
கொடகொடவென்று ஒரு சுழி.
அப்புறம் பேச்சில்லை.
பாதிக் குளம் அப்படியே நின்றது.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
குமிழி நட்டநடுவில்
நல்ல பிள்ளையாய் உட்கார்ந்திருந்தது.
தளத்துக்கு வாட்டமே இல்லை.

இருபத்திரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிறு,
பதினாறு பேர் கலவை வாளி கைமாற்ற,
பீர் தீர்ந்த மதியத்தில் சொன்னான்
கொத்து வேலை தெரிந்த என் கொழுந்தன் ஹெர்மிலோ:
"வாட்டம் எதற்கு அண்ணி?
இது கூரையா? மேல்மாடிக்குத் தரை!"
நான்கு மூலையிலும் முறுக்குக் கம்பிகளை
வெட்டாமல் விட்டான், ஆள் உயரத்துக்கு.
நம்பிக்கைக் கம்பிகள் என்போம் இங்கே.
துருப்பிடிக்காமலிருக்க
நுனியில் காலி பாட்டில் கவிழ்ப்போம்.

நானே போட்டேன் வாட்டத்தை,
மீட்டருக்கு இரண்டு சென்டி, குழாய் வாய் நோக்கி.
விரிசல்களை உளியால் அகட்டி அடைத்து
வலை விரித்து
செங்கல் நிறப் பூச்சு, குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று.
"ஐந்து வருட உத்தரவாதம், ஒப்துலியா"
என்றாள் பெயிண்ட் கடை எலெவுதேரியா.
யாருடைய வருடம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த மழையில் அண்டா காய்ந்திருந்தது.
வாளியில் சொட்.

வாளிக்கு நேர் மேலே வடகிழக்கு மூலை.
பாட்டில் எப்போதோ உடைந்து
துரு ஊதிப் பருத்து
கம்பியின் அடிக் கான்கிரீட்
வெந்த கிழங்காய்ப் பிளந்திருந்தது.
கம்பி வழியே நீர் இறங்கி
என் தலைமாட்டுக்கு வந்திருக்கிறது இத்தனை நாளும்.

யாருக்காக அந்த மாடியோ
அவனைக் கூப்பிட்டேன்.
ஃபிதென்சியோ திஹுவானாவில் டிவி பொருத்துகிறான்,
இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடு.
நான் சொல்லி முடிக்கவில்லை,
"வெட்டிடும்மா" என்றான்.
அவ்வளவு சட்டென்று.
பிறகு பக்கத்து மாடி நாயைப் பற்றி விசாரித்தான்.
குரலில் கொஞ்சம் வாட்டம்.
எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ.

வாடகைக்கு வெட்டு இயந்திரம்.
பொறி பறந்து புதுப் பூச்சில்
பொத்தல் பொத்தலாய் விழுந்தது,
அதற்கு ஒரு நாள் ஒட்டு வேலை.
பழைய இரும்பு வண்டிக்காரன்
நான்கு கம்பியையும் தராசில் போட்டான்.
நாலு கிலோ கூட இல்லை.
ஒரு கிலோ தக்காளிக்குக் காணும்.
மற்ற மூன்று மூலைகளுக்குப்
புது பாட்டில் கவிழ்த்தேன்.
மூன்று மூலையை நம்பி மாடி எழும்பாது.
தெரியும்.

"இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி
ஒரு ராத்திரி விட்டுப் பார்" என்றாள் எலெவுதேரியா.
தண்ணீரா! இரண்டு பேரும் சிரித்தோம்,
அவள் வீட்டிலும் வரவில்லை.
எனவே வானத்தை நம்பினேன்.

வெள்ளி இரவு கொட்டியது.
சுவரை ஒட்டிக் குழாயில் அது
இறங்கிப் போகும் சத்தம் கேட்டபடி
தூங்கியே போனேன், நேராகப் படுத்து.

மூன்று மணிக்கு
சொட்.

மெத்தையைத் தடவினேன்.
வாளியைத் தடவினேன், அண்டாவை,
விளக்கைத் தூக்கிக் கூரையின் பழைய கறையை.
எல்லாம் வறட்சி.

சொட். சொட்.
சமையலறையில்
மூட மறந்த குழாய் இருமியது,
காற்றைத் துப்பியது, துருவைத் துப்பியது.

வாளியையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு
ஓடினேன்.